பார்வைக் கோணமும் திரள்வு வீதமும்: உயிர்ப்பான விண்மீன் மண்டலங்களின் மையங்கள் மறைந்திருப்பது பற்றிய ஒரு விளக்கம்

நாம் வாழும் பால்வீதி மண்டலத்தின் மையத்தைக் கட்புல ஒளியில் எவரும் கண்டதில்லை. தனு இராசியின் திசையில் ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் அம்மையம் அமைந்துள்ளது. அங்கே சூரியனைப் போல் 40 இலட்சம் மடங்குக்கும் மேற்பட்ட திணிவு ஒரு சிறு வெளிக்குள் அடங்கியிருப்பதை, அதனைச் சுற்றியோடும் விண்மீன்களின் இயக்கத்தைக் கொண்டு நிறுவியமைக்காக, 2020ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசின் ஒரு பாதி றைன்ஹாட் கென்செலுக்கும் அன்றியா கேசுக்கும் வழங்கப்பட்டது. அவர்கள் பயன்படுத்தியது செந்நிறக்கீழ்க் கதிர்களையே. மையத்திலிருந்து நம்மை நோக்கிப் புறப்படும் கட்புல ஒளியில் இலட்சம் கோடியில் ஒரு பங்களவே இங்கு வந்து சேர்கின்றது. இதற்குக் காரணம் மையத்தின் இயல்பன்று. சூரியனும் கோள்களும் மண்டலத் தட்டின் தளத்திலேயே அமைந்திருப்பதால், அத்தளத்தில் படிந்துள்ள தூசு முழுவதையும் ஊடுருவி நோக்கவேண்டியவர்களாக நாம் இருக்கின்றோம். தட்டுக்கு நேர் மேலே நின்று நோக்கும் ஒருவருக்கு அம்மையம் வெளிப்படையாகவே தோன்றும்.

ஒரு பொருள் மறைந்திருப்பது அதன் இயல்பாலா, நோக்குபவர் நிற்கும் இடத்தாலா என்ற வினா, தொலைதூர விண்மீன் மண்டலங்களின் ஆய்வில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகின்றது. அங்கே நாம் இடத்தை மாற்றி நின்று பார்த்து விடைகாண இயலாது. மண்டலம் எந்தக் கோணத்தில் நம்மை நோக்கியுள்ளதோ அந்தக் கோணத்திலேயே அதனை என்றும் காண்கின்றோம். இவ்வினாவுக்கு முதலில் "நிற்கும் இடத்தாலேயே" என்ற விடையும், பின்னர் அவ்விடையைத் திருத்தி "மறைக்கும் திரையே மையத்தின் செயலால் மாறுகின்றது" என்ற விடையும் எவ்வாறு பெறப்பட்டன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இருவகை மண்டலங்கள்

1908ஆம், 1909ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்தில் எட்வேட் பாத் என்பவர் சுருள் நெபுலங்கள் எனப்பட்டவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்தார். அவற்றுள் என்.ஜி.சி. 1068 எனப் பட்டியலிடப்பட்டது ஏனையவற்றிலிருந்து வேறுபட்டு, பிரகாசமான காலற்கோடுகளைக் காட்டியது. 1943இல் கார்ல் சைபேட் இத்தகைய மையங்களையுடைய ஆறு மண்டலங்களை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட பின்னர், இவை சைபேட் மண்டலங்கள் என வழங்கலாயின.

இம்மண்டலங்கள் இரு வகையாகப் பிரிவதை, ஆர்மேனியரான கச்சிக்கியானும் அமெரிக்கரான வீட்மனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் ஒழுங்குபடுத்திக் காட்டினர். முதலாம் வகையில் ஐதரசனின் கோடுகள் மிக அகன்று காணப்படுகின்றன. வாயு முகில்கள் வினாடிக்குப் பல ஆயிரம் கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கியும் நம்மைவிட்டு விலகியும் ஓடுவதனால், டொப்ளர் விளைவின்படி ஒரே கோடு இருமருங்கும் விரிந்துவிடுகின்றது. இரண்டாம் வகையில் இவ்வகன்ற கோடுகள் இல்லை. சில நூறு கிலோமீற்றர் வேகத்தைக் குறிக்கும் ஒடுங்கிய கோடுகள் மட்டுமே உள்ளன. என்.ஜி.சி. 1068 இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இவற்றின் சத்தி எங்கிருந்து வருகின்றது என்பது இதற்கிடையில் தெளிவாகியது. 1963இல் மார்ட்டின் சிமித் 3சி 273 என்னும் குவாசரின் செம்பெயர்ச்சியைக் கண்டறிந்ததும், அது மிகத் தொலைவிலிருந்து ஒரு முழு மண்டலத்தையும் விஞ்சி ஒளிர்வது புலனாயிற்று. மறு ஆண்டிலேயே சோல்பீற்றரும் செல்டோவிச்சும் தனித்தனியே, பாரிய திணிவுடைய கருந்துளையொன்றில் வாயு வீழ்வதே இவ்வொளிக்குக் காரணமாகலாம் எனக் கூறினர். 1969இல் லிண்டன்-பெல் இக்கருத்தை மண்டல மையங்கள் அனைத்துக்கும் விரித்தார். வீழும் வாயு கோண உந்தமுடையதாதலால் நேரே வீழாது, தட்டாகச் சுழன்று, உராய்வினால் வெப்பமேறி, சிறிது சிறிதாக உட்செல்கின்றது. ஐதரசன் அணுக்கருச் சேர்க்கையில் திணிவின் நூற்றுக்கு 0.7 பங்கே சத்தியாக மாறுகையில், இங்கே நூற்றுக்கு 10 அளவு சத்தியாகலாம். ஓராண்டில் கருந்துளையை அடையும் பொருளின் அளவையே திரள்வு வீதம் என இக்கட்டுரையில் குறிக்கின்றோம்.

இவ்விரு வகைகளும் இயல்பிலேயே வேறுபட்ட இரு இனங்களா? இரண்டாம் வகையில் வேகமாக ஓடும் முகில்கள் இல்லையா, இருந்தும் நாம் காணவில்லையா? பெயரிட்டு வகுத்தலால் மட்டும் இவ்வினாக்களுக்கு விடை கிடைப்பதில்லை.

கோணம் பற்றிய கொள்கை

இதற்கு விடை, முக்கால் நூற்றாண்டுக்கு முன் பாத் பணியாற்றிய அதே லிக் நிலையத்திலிருந்து, அதே என்.ஜி.சி. 1068 பற்றி வந்தது. 1985இல் றொபேட் அந்தோனூச்சி, ஜோசப் மில்லர் ஆகிய இருவரும் அம்மண்டலத்திலிருந்து வரும் ஒளியில் முனைவாக்கப்பட்ட பகுதியை மட்டும் பிரித்து அதன் நிறமாலையைப் பதிவுசெய்தனர். சாதாரண நிறமாலையில் ஒடுங்கிய கோடுகளே காணப்பட்ட அம்மண்டலம், முனைவாக்கப்பட்ட ஒளியில் முதலாம் வகைக்குரிய அகன்ற கோடுகளைத் தெளிவாகக் காட்டியது.

இதன் பொருளை ஓர் உவமையால் விளக்கலாம். உயர்ந்த சுற்றுமதிலுக்குள் முற்றத்தில் ஒரு விளக்கு எரிகின்றது எனக் கொள்வோம். வீதியில் நிற்கும் நமக்கு விளக்குத் தெரியாது. ஆனால், மதிலுக்கு மேலே புகை எழுமாயின், அப்புகையிற் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கொண்டு விளக்கின் நிறத்தைக்கூட நாம் அறியலாம். என்.ஜி.சி. 1068இல் புகையின் தொழிலைச் செய்வன, மையத்துக்கு மேலே பரந்துள்ள சூடான வாயுவின் சுயாதீன இலத்திரன்கள். சிதறலடைந்த ஒளியின் முனைவாக்கம் ஏறத்தாழ நூற்றுக்கு 16 அளவில், அலைநீளத்துக்கேற்ப மாறாதிருந்தமை, சிதறடிப்பவை பெரும்பாலும் இலத்திரன்களே எனக் கருதச் செய்தது. இலத்திரன்களின் சிதறலால் ஒளி எவ்வளவு முனைவாக்கமடையும் என்ற கணிப்பை 1946இல் விண்மீன் வளிமண்டலங்களுக்காக விரிவாகச் செய்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஆகவே, இரண்டாம் வகை மண்டலத்துக்குள்ளும் முதலாம் வகைக்குரிய மையமே இருக்கின்றது. அதனைச் சூழ்ந்து தூசும் வாயுவும் கலந்த தடித்த வளையமொன்று, நடுவே துளையுள்ள உழுந்து வடையைப் போன்று அமைந்துள்ளது. துளையின் வழியே மேலிருந்து நோக்குபவர் அகன்ற கோடுகளைக் காண்கின்றார். பக்கவாட்டில் நோக்குபவர் வளையத்தையே காண்கின்றார். ஒடுங்கிய கோடுகளைத் தரும் முகில்கள் வளையத்துக்கு அப்பால் பல நூறு ஒளியாண்டு பரந்திருப்பதால் எல்லாக் கோணத்திலும் தோன்றுகின்றன. 1993இல் அந்தோனூச்சி எழுதிய மதிப்பாய்வுக் கட்டுரையின் பின், இக்கருத்து ஒருமைப்பாட்டுக் கொள்கை எனப் பரவலாக ஏற்கப்பட்டது.

இக்கொள்கைக்கு எளிய கணித வடிவமும் உண்டு. துளையின் விளிம்பு சுழலச்சிலிருந்து விலகியிருக்கும் கோணத்தைத் திறப்புக் கோணம் என்போம். மண்டலங்கள் வானில் எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றிச் சாய்ந்திருப்பின், மையம் மறைந்து தோன்றுவதற்கான நிகழ்தகவு அக்கோணத்தின் கோசைனுக்குச் சமனாகும். திறப்புக் கோணம் 60 பாகையாயின் பாதி மண்டலங்கள் மறைந்து தோன்றும். மறைந்தவற்றின் பங்கை எண்ணிக் கணித்தால், எவரும் நேரே காணாத வளையத்தின் வடிவத்தை அறியலாம் என்பதே இதன் பயன்.

கோணத்தால் மட்டும் விளக்க முடியாதவை

எல்லா மண்டலங்களிலும் வளையம் ஒரே வடிவினதாயின், மறைந்தவற்றின் பங்கு எங்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆனால், 1982ஆம் ஆண்டிலேயே லோறன்சு, எல்விசு ஆகிய இருவரும் ஒளிர்வு மிக்க மையங்களிடையே மறைந்தவை குறைவு எனச் சுட்டிக்காட்டினர். பின்னர் 1991இல் லோறன்சு இதற்கு ஒரு காரணமும் கூறினார். தூசுத் துணிக்கைகள் ஏறத்தாழ 1,500 கெல்வின் வெப்பநிலையில் ஆவியாகிவிடுகின்றன. எனவே வளையத்தின் உள்விளிம்பு, அவ்வெப்பநிலை நிலவும் தூரத்திலேயே தொடங்கமுடியும். சூரியனைப் போல் இருபத்தையாயிரம் கோடி மடங்கு ஒளிரும் மையமொன்றில் இத்தூரம் ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு. ஒளிர்வு நான்கு மடங்கானால் தூரம் இரு மடங்காகும். வளையத்தின் உயரம் மாறாது உள்விளிம்பு மட்டும் பின்வாங்குமாயின், துளை அகலும், மறைப்புக் குறையும்.

இவ்விளக்கம் எளிமையானது. இங்கு வளையம் மையத்தின் ஒளியால் மாறும் ஒன்றாக முதன்முறை கருதப்பட்டமை முக்கியமான முன்னேற்றமுமாகும். ஆயினும், மறைப்பின் பங்கு ஒளிர்வோடு மாறுவதற்கு ஒளிர்வே காரணம் என இதனால் நிறுவப்படவில்லை. ஒளிர்வோடு சேர்ந்து மாறும் வேறொரு கணியம் உண்மைக் காரணமாக இருக்கலாம். அக்கணியத்தை அறிய, ஒளிக்கும் ஈர்ப்புக்கும் இடையிலான போட்டியை நோக்குதல் அவசியம்.

எடிங்டன் எல்லையும் தூசின் பங்கும்

ஒளி தான் படும் பொருளின்மீது அமுக்கத்தைச் செலுத்துகின்றது. அயனாக்கமடைந்த வாயுவில் இவ்வமுக்கம் பெரும்பாலும் இலத்திரன்கள்மீது தாக்குகின்றது. கருந்துளையின் ஈர்ப்போ திணிவு மிக்க புரோத்தன்களையே பெரிதும் இழுக்கின்றது. மின்விசை இரண்டையும் பிரியவிடாது பிணைத்து வைத்துள்ளது. வெளித்தள்ளலும் உள்ளிழுப்பும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதனால், இரண்டுக்கும் இடையிலான விகிதம் தூரத்தைப் பொறுத்து மாறுவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஒளிர்வில் இரண்டும் எங்கும் சமனாகின்றன. ஆர்தர் எடிங்டனின் பெயரால் வழங்கும் இவ்வெல்லை, ஒவ்வொரு சூரியத் திணிவுக்கும் சூரிய ஒளிர்வின் ஏறத்தாழ 33,000 மடங்காகும். பத்துக் கோடி சூரியத் திணிவுள்ள கருந்துளைக்கு இது மூன்று இலட்சம் கோடி சூரியன்களின் ஒளியை விஞ்சும். அவ்வெல்லையை எட்ட, அது ஆண்டொன்றுக்கு இரண்டு சூரியன்களுக்குச் சற்று மேற்பட்ட பொருளை உட்கொள்ளவேண்டும். மையமொன்றின் ஒளிர்வை அதன் எடிங்டன் எல்லையால் வகுக்கக் கிடைப்பதே எடிங்டன் விகிதம். கருந்துளை தன் திணிவுக்கு ஏற்ப எவ்வளவு விரைவாக உண்கின்றது என்பதை, அதாவது அளவாக்கப்பட்ட திரள்வு வீதத்தை, இவ்விகிதம் காட்டுகின்றது.

மேற்கண்ட கணிப்புத் தூசற்ற வாயுவுக்கே பொருந்தும். தூசு கலந்த வாயு, கழியூதாக் கதிர்களை இலத்திரன்களைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வலுவாக உறிஞ்சுகின்றது. தூசுத் துணிக்கைகள் மின்னேற்றம் பெற்று வாயுவோடு பிணைந்திருப்பதால், தூசைத் தள்ளும் ஒளி வாயுவையும் சேர்த்தே தள்ளுகின்றது. ஆகவே, தூசு கலந்த முகிலுக்கு எடிங்டன் எல்லை பெரிதும் தாழ்ந்துவிடுகின்றது. 2006ஆம் ஆண்டு முதல் அன்ட்றூ பேபியனும் அவருடன் பணியாற்றியோரும் இக்கருத்தை மறைப்புப் பற்றிய ஆய்வில் புகுத்தி வளர்த்தனர்.

எவ்வளவு தாழும் என்பது முகிலின் தடிப்பைப் பொறுத்தது. முகிலின் தடிப்பை, நம் பார்வைக் கோட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றர் குறுக்குவெட்டுள்ள தூணுக்குள் எத்தனை ஐதரசன் அணுக்கள் உள்ளன என எண்ணிக் கூறுவர். பத்தின் 22ஆம் அடுக்கு அணுக்கள் உள்ள முகில், மெல்லிய எக்ஸ் கதிர்களை மறைக்கப் போதுமானது. 24ஆம் அடுக்கை எட்டும் முகில், வன்மையான எக்ஸ் கதிர்களையும் பெருமளவு தடுத்துவிடும். இம்முகில்கள் இரண்டும் தம்மேல் விழும் கழியூதா ஒளி அனைத்தையும் உட்பக்க மேற்படையிலேயே உறிஞ்சி முடித்துவிடுகின்றன. எனவே இரண்டின்மீதும் செயற்படும் தள்ளுவிசை ஒன்றே. ஆனால், இரண்டாவது முகில் அதே விசையால் நூறு மடங்கு திணிவை நகர்த்தவேண்டியிருக்கின்றது. இதனால், முதல் முகிலை வெளியேற்ற எடிங்டன் எல்லையின் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஒளியே போதுமாகையில், இரண்டாவதை வெளியேற்ற ஏறத்தாழ முழு எல்லையும் வேண்டப்படுகின்றது.

இதிலிருந்து சோதித்துப் பார்க்கத்தக்க மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, எடிங்டன் விகிதம் நூற்றுக்குச் சில பங்கைத் தாண்டியதும் மிதமான தடிப்புள்ள மறைப்புத் திடீரெனக் குறையவேண்டும். இரண்டாவதாக, மிகத் தடித்த மறைப்பு அவ்விகிதத்தால் அதிகம் பாதிக்கப்படலாகாது. மூன்றாவதாக, உயர்ந்த விகிதமும் மிதமான தடிப்பும் ஒருங்கே அமைந்த மையங்கள் அரிதாகவே இருத்தல் வேண்டும். அந்நிலையில் உள்ள முகில் வெளியே தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும், நிலைத்திராது.

அவதானங்களின் தீர்ப்பு

இச்சோதனைக்கு வேண்டியது, மறைந்தவற்றையும் மறையாதவற்றையும் பாரபட்சமின்றிக் கண்டெடுக்கும் கருவி. கட்புல ஒளியில் எண்ணினால் மறைந்தவை விடுபட்டுவிடும். 2004ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்ட சுவிவ்ற் செய்மதியின் கருவியொன்று வன்மையான எக்ஸ் கதிர்களில் வானம் முழுவதையும் தொடர்ந்து நோக்கியது. அக்கதிர்கள் மிகத் தடித்த முகில்கள் தவிர ஏனையவற்றை ஊடுருவுவன. அதன் முதல் 70 மாதப் பதிவுகளில் இடம்பெற்ற உயிர்ப்பான மையங்களுள், கருந்துளையின் திணிவு அறியப்பட்ட ஏறத்தாழ நானூற்றைத் தெரிந்து, கிளவுடியோ றிச்சி தலைமையிலான குழுவினர் 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். மிகத் தடித்த முகில்களால் இக்கருவிக்கும் தப்பியவற்றுக்கான திருத்தம் அக்கணிப்பில் செய்யப்பட்டது.

ஒளிர்வா, விகிதமா என்ற வினாவை இத்தரவுகள் எவ்வாறு தீர்த்தன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கோடி சூரியத் திணிவுள்ள கருந்துளை தன் எல்லையின் நூற்றுக்கு 30 பங்கில் ஒளிர்கின்றது. நூறு கோடி சூரியத் திணிவுள்ள மற்றொன்று தன் எல்லையின் நூற்றுக்கு 0.3 பங்கில் ஒளிர்கின்றது. இரண்டின் ஒளிர்வும் ஒன்றே. ஏறத்தாழ பத்தாயிரம் கோடி சூரியன்களின் ஒளி. தூசு ஆவியாகிப் பின்வாங்குவதே மறைப்பைத் தீர்மானிக்குமாயின் இரண்டும் ஒரே அளவு மறைந்திருக்கவேண்டும். ஒளிக்கும் ஈர்ப்புக்கும் இடையிலான போட்டியே தீர்மானிக்குமாயின் முதலாவது வெளிப்பட்டும் இரண்டாவது மறைந்தும் இருக்கவேண்டும். தரவுகள் பின்னையதையே ஆதரித்தன. ஒளிர்வு சமனாயினும் விகிதம் மாறுபட மறைப்பு மாறியது. விகிதம் சமனாயிருக்கையில் ஒளிர்வு மாறினும் மறைப்புக் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஒளிர்வோடு மறைப்புக் குறைவதாக முன்னர் காணப்பட்டமை, பிரகாசமானவை பெரும்பாலும் உயர்ந்த விகிதமுடையவையாக இருந்தமையின் விளைவேயாகும்.

எண்ணளவிலும் மாற்றம் பெரிது. எடிங்டன் விகிதம் நூற்றுக்கு 3 பங்குக்குக் குறைவாக உள்ளவற்றில் மையத்தைச் சூழ்ந்த வெளியின் ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கு திரையிடப்பட்டிருக்கின்றது. அவ்வெல்லைக்கு மேலே இது நூற்றுக்கு 40 அளவுக்கு இறங்குகின்றது. இழக்கப்படுவது மிதமான தடிப்புள்ள திரையே. மிகத் தடித்த முகில்களின் பங்கு நூற்றுக்கு இருபதை ஒட்டி ஏறத்தாழ மாறாதிருக்கின்றது. நிலைத்திருக்கமுடியாத பகுதியெனக் கொள்கை கூறிய இடத்தில் மையங்கள் மிகச் சிலவே காணப்பட்டன. மூன்று முடிவுகளும் இவ்வாறு உறுதிபெற்றன.

கோணமும் வீதமும் இங்கே ஒன்றிணைவதைக் காணலாம். முன்கூறிய கோசைன் விதியின்படி, நூற்றுக்கு 85 மறைப்பு என்பது 32 பாகைத் திறப்பையும், நூற்றுக்கு 40 மறைப்பு என்பது 66 பாகைத் திறப்பையும் குறிக்கும். ஒரு மண்டலத்தை அதன் அச்சிலிருந்து 50 பாகை விலகிய திசையிலிருந்து நாம் நோக்குகின்றோம் எனக் கொள்வோம். திரள்வு வீதம் குறைந்திருக்கும் காலத்தில் அது நமக்கு இரண்டாம் வகை. வீதம் உயர்ந்து திரை ஒதுங்கிய பின் அதுவே முதலாம் வகை. மண்டலமும் சாயவில்லை, நாமும் நகரவில்லை.

எனினும் கோணத்தின் முக்கியத்துவம் இதனால் அற்றுப்போகவில்லை. எந்த ஒரு வீதத்திலும், எஞ்சியுள்ள திரை நம் பார்வைக் கோட்டில் உள்ளதா என்பதைக் கோணமே முடிவுசெய்கின்றது. என்.ஜி.சி. 1068 தன் எடிங்டன் எல்லையின் கணிசமான பங்கில் ஒளிரும் மண்டலம். அதன் பார்வைக் கோட்டில் இருப்பது பத்தின் 24ஆம் அடுக்கையும் விஞ்சும் மிகத் தடித்த திரை. ஒளியால் அகற்றமுடியாத திரையின் பின்னால் நிற்பதாலேயே அது இன்றும் நமக்கு மறைந்து தோன்றுகின்றது.

திரை என்பது ஓட்டமே

வடையைப் போன்ற வளையம் என நாம் கூறியது ஆரம்ப விளக்கத்துக்கு உதவும் உருவகமே. பல தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றிணைத்து நோக்கும் முறையால், 2004இல் என்.ஜி.சி. 1068இன் மையத்தில் சில பத்து ஒளியாண்டுக்குள் அடங்கும் சூடான தூசுக் கட்டமைப்பு நேரே அளக்கப்பட்டது. 2016இல் சிலியில் உள்ள அல்மா தொலைகாட்டித் தொகுதி அங்குள்ள மூலக்கூற்று வாயுவைப் படமாக்கியது. அவ்வாயு வெறுமனே சுழலாமல், அச்சின் திசையில் வினாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறவும் கண்டனர். என்.ஜி.சி. 3783, சேர்சினசு ஆகிய மண்டலங்களிலோ சூடான தூசின் பெரும்பகுதி வளையத்தின் தளத்தில் அன்றித் துருவத் திசையில் நீண்டிருக்கின்றது. ஒளியால் உந்தப்பட்டு எழும் தூசுக் காற்றாகவே இதனை விளங்கிக்கொள்ளலாம். உள்ளே வரும் வாயு, மேலெழும் வாயு, மீண்டும் வீழும் வாயு ஆகிய மூன்றின் கூட்டே திரை.

திரையின் மாற்றத்தை மனித வாழ்நாளுக்குள்ளேயே காணமுடிந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில், சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்ச் செய்மதி, என்.ஜி.சி. 1365இன் மையத்தைத் தடித்த முகிலொன்று மறைத்து விலகுவதைச் சில நாள்களுக்குள் பதிவுசெய்தது. இவ்வளவு விரைவாகக் கடக்கும் முகில், தூசு வளையத்துக்கு மிக உள்ளே, மையத்துக்கு அண்மையிலேயே இருக்கமுடியும். 2014ஆம் ஆண்டு ஓகத்தில் என்.ஜி.சி. 1068இன் திரையிலும் தற்காலிகமாக ஓர் இடைவெளி தோன்றி, வன்மையான எக்ஸ் கதிர்கள் சற்று மிகுதியாக வெளிப்பட்டன.

இதனின்று வேறுபட்ட மாற்றமொன்றையும் கருதவேண்டும். மார்க்கேரியன் 1018 என்னும் மண்டலம் 1970களில் இரண்டாம் வகையை ஒட்டியதாக இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் முதலாம் வகையாயிற்று. 2015இல் மீண்டும் பழைய நிலையை அடைந்திருக்கக் காணப்பட்டது. அதன் எக்ஸ் கதிர்களில் புதிய திரை எதற்கும் சான்று இல்லை. இங்கு குறைந்தது திரள்வு வீதமே. மறைக்கப்பட்டதால் தெரியாமற்போதல் வேறு. ஒளியே குன்றியதால் தெரியாமற்போதல் வேறு. இரண்டும் நிறமாலையில் ஒரே தோற்றத்தைத் தரலாம். திரள்வு மிகவும் தாழ்ந்த நிலையில் காற்றை எழுப்பும் வலுவே இல்லாமற் போய்த் திரையும் அற்றுவிடும் என 2006இல் எலிற்சூர், சிலொஸ்மன் ஆகியோர் கூறினர். நமது பால்வீதியின் கருந்துளை இத்தகைய பட்டினி நிலையில் உள்ளது. அதனை நம்மிடமிருந்து மறைப்பது அதனைச் சூழ்ந்த வளையமன்று. இடையே கிடக்கும் மண்டலத் தட்டின் தூசு. மறைப்பு அனைத்தையும் மையத்தின் வளையத்துக்கே உரியதாகக் கொள்ளுதல் தவறு என்பதற்கும் இது சான்றாகும்.

இவ்வாராய்ச்சியின் பயன்

வகைகளுக்குப் பெயரிடுவதில் உள்ள சிக்கலாக மட்டும் இதனைக் கருதலாகாது. 1962இல் றிக்கார்டோ ஜியக்கோனியும் அவரது குழுவினரும் வானம் முழுவதும் பரந்துள்ள எக்ஸ் கதிர்ப் பின்னணியைக் கண்டறிந்தனர். வளரும் கருந்துளைகளின் ஒளியனைத்தும் சேர்ந்து மங்கலாகத் தோன்றுவதே அப்பின்னணி. மறையாத மையங்களை மட்டும் கூட்டினால், அதன் அளவும் நிறமாலையும் பெறப்படுவதில்லை. மறைந்தவை பெரும்பான்மையாக இருத்தல் வேண்டும். சுவிவ்ற் பதிவுகளின்படி நமக்கு அண்மையிலுள்ள உயிர்ப்பான மையங்களுள் நூற்றுக்கு 70 அளவில் மறைந்தவையே. 1982இல் சோல்ரன் காட்டியவாறு, குவாசர்கள் வரலாறு முழுவதும் வெளியிட்ட ஒளியைக் கூட்டினால் இன்றுள்ள கருந்துளைகளின் மொத்தத் திணிவை மதிப்பிடலாம். இக்கணக்கில் மறைந்தவற்றை விட்டுவிடுவோமாயின், கருந்துளைகள் எவ்வாறு வளர்ந்தன என்ற வரலாறு முழுவதுமே பிழைபட்டுவிடும்.

மறைந்த மையங்களை அறியப் புதிய வழிகளும் திறந்துள்ளன. தென்துருவப் பனிக்கட்டிக்குள் அமைந்த ஐஸ்கியூப் ஆய்வுக் கருவி, என்.ஜி.சி. 1068இன் திசையிலிருந்து ஏறத்தாழ 79 நியூத்திரினோக்கள் மேலதிகமாக வந்தமையை 2022இல் அறிவித்தது. காமாக் கதிர்கள் அங்கிருந்து அதற்கேற்ப வராமை, அவை மையத்தின் அண்மையிலேயே உறிஞ்சப்படுவதைக் காட்டுகின்றது. நியூத்திரினோக்களுக்கோ எத்திரையும் தடையன்று. மறுபுறம், 2022 முதல் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி தொன்மையான அகிலத்தில் கண்டுவரும் சிறு செந்நிறப் புள்ளிகள் பல, எக்ஸ் கதிர்களில் எதிர்பார்த்ததைவிட மிக மங்கலாக உள்ளன. அவற்றைச் செந்நிறமாக்குவது தூசா, தூசற்ற அடர்ந்த வாயுவா, திரள்வு வீதம் அங்கே எவ்வளவு உயர்ந்தது என்பன இன்று விவாதிக்கப்படுகின்றன. கோணம், வீதம் என்னும் இரு கருவிகளையும் கொண்டே இவ்விவாதமும் நடைபெறுகின்றது.

சுருங்கக் கூறின், 1985ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு, இரு இனங்கள் எனக் கருதப்பட்டவை ஒரே பொருளின் இரு தோற்றங்கள் எனக் காட்டியது. அதற்குப் பின்வந்த ஆய்வுகள், அத்தோற்றங்களைப் பிரிக்கும் திரை நிலையானதொன்றல்ல என்றும், எந்த மையத்தை மறைக்கின்றதோ அம்மையத்தின் ஒளியாலேயே அது உருவாகியும் தகர்ந்தும் வருகின்றது என்றும் காட்டின. வாயு உள்வரும்போது கருந்துளை மறைவில் வளர்கின்றது. வளர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டியதும் தன் ஒளியாலேயே தன்னைச் சூழ்ந்ததை விலக்கி வெளிப்படுகின்றது. உணவு குன்றியதும் ஒளி தணிந்து மறுபடியும் முன்னைய நிலைக்கு மீள்கின்றது. ஆகவே, முதலாம் வகை, இரண்டாம் வகை என நாம் எழுதிவைக்கும் ஒவ்வொரு பதிவிலும் மண்டலத்தின் இயல்பு, அதன் வரலாற்றில் அது இன்றிருக்கும் கட்டம், நாம் நோக்கும் திசை ஆகிய மூன்றும் கலந்தே உள்ளன. அவற்றைப் பிரித்தறியும் பணியே இத்துறையினர் முன் உள்ளது.